ஆபரேஷன் தேதி குறித்த பிறகு ‘முதலில் கீமோ’ என்கிறார்கள். அக்காவிடம் எப்படிச் சொல்வது?

ஆம்பூர் சின்னவள்

எல்லோருக்கும் வணக்கம். என் அக்காவுக்கு 43 வயது. ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல் பாகம், தைக்கிறாள். இடது மார்பில் கட்டி. பயாப்ஸியில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. வேலூரில்தான் வைத்தியம் பார்க்கிறோம்.

முதலில் பார்த்த சர்ஜன், “கட்டி 3 செ.மீ. இருக்கிறது, ஆபரேஷனில் எடுத்துவிட்டு மற்றதைப் பார்ப்போம்” என்று தேதியும் கொடுத்தார். பெங்களூரில் இருக்கும் அண்ணன் லீவு போட்டான். குடியாத்தத்திலிருந்து அம்மா வந்துவிட்டார். அக்கா மகன் பிளஸ் டூ படிக்கிறான், அவனைச் சித்தி வீட்டில் விடுவதாகப் பேசி வைத்தோம். அக்காவும் “அன்னைக்கு எடுத்துப் போட்டுட்டா நிம்மதி” என்று அந்தத் தேதியை நம்பித்தான் ராத்திரி தூங்கினாள்.

இப்போது கூப்பிட்டு, ஆபரேஷன் உடனே இல்லை என்கிறார்கள். ஃபிஷ் என்று ஒரு டெஸ்டுக்கு அனுப்பியிருந்தார்களாம், அதில் ஹெர்-2 பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. அக்குளில் இருந்த ஒரு நெறிக்கட்டியில் ஊசி போட்டு எடுத்துப் பார்த்ததில் அங்கேயும் இருக்கிறதாம். அதனால் முதலில் கீமோ, அதோடு வேறொரு ஊசி மொத்தம் ஒரு வருஷத்துக்கு, நடுவில் ஆபரேஷன், அப்புறம் ரேடியேஷன்.

டாக்டர் அறைக்குள் போனது நானும் மாமாவும்தான். அக்கா வெளியே உட்கார்ந்திருந்தாள். அவளிடம் “தேதி கொஞ்சம் தள்ளிப் போயிருக்கு” என்று மட்டும் சொல்லியிருக்கிறோம். அம்மாவோ “கத்தி வைக்க முடியாத அளவுக்கு முத்திப் போச்சு, டாக்டருங்க மறைக்கிறாங்க” என்று அடுப்படியில் நின்று அழுகிறார். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. ஒரே மாதத்தில் எப்படி எல்லாம் மாறும்? கீமோ முடிகிற வரை கட்டி உள்ளேயே இருந்தால் பரவாதா? அக்காவிடம் என்னவென்று சொல்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காட்பாடி செவிலி

தங்கச்சி, புற்றுநோய் வார்டில் பல வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். உங்கள் அக்காவின் ரிப்போர்ட்டை நான் பார்க்கவில்லை. நீங்கள் எழுதியதை வைத்துத்தான் சொல்கிறேன்.

நோய் மாறவில்லை. நோயைப் பற்றி டாக்டர்களுக்குத் தெரிந்தது கூடியிருக்கிறது. பயாப்ஸி எடுத்ததும் முதல் ரிப்போர்ட்டில் புற்றுநோயா இல்லையா என்பது தெரிந்துவிடும். அது எந்த வகை என்று பார்க்க ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்று மூன்று பார்ப்பார்கள். முதல் இரண்டும் ஹார்மோனால் வளர்கிறதா என்று காட்டும், ஹெர்-2 என்பது புற்றுநோய் செல்லை வேகமாக வளரத் தூண்டும் ஒரு புரதம். ஹெர்-2 வில் 0 அல்லது 1+ வந்தால் நெகட்டிவ், 3+ வந்தால் பாசிட்டிவ். நடுவில் 2+ வந்தால் முடிவு சொல்ல முடியாது, ஹெர்-2 மரபணுவை எண்ணிப் பார்க்கும் ஃபிஷ் டெஸ்ட் செய்தே ஆக வேண்டும். அது வர நாள் பிடிக்கும். உங்களுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும். கையில் இருக்கும் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள், ஹெர்-2 எதிரில் 2+ என்று இருக்கும்.

மார்பகப் புற்றுநோயில் நூற்றுக்குப் பதினைந்து இருபது பேருக்கு ஹெர்-2 பாசிட்டிவ் வரும். அந்தக் காலத்தில் அப்படி வந்தால் எங்களுக்கே முகம் வாடும், ஏனென்றால் வேகமாக வளரும் வகை அது. 1998-இல் அமெரிக்காவில் டிராஸ்டுசுமாப் என்ற மருந்துக்கு அனுமதி கிடைத்த பிறகு நிலைமை அடியோடு மாறியது. ஹெர்-2 வைக் குறிவைத்து வேலை செய்யும் மருந்து அது. நீங்கள் சொன்ன ஒரு வருஷ ஊசி அதுதான். இன்று நம் நாட்டுக் கம்பெனிகளே அதைத் தயாரிப்பதால் விலையும் முன்னைப் போல இல்லை.

கட்டி 2 செ.மீ.க்கு மேல் இருந்தாலோ, அக்குளில் நெறி கட்டியிருந்தாலோ, இந்த வகைக்கு மருந்தை முதலில் கொடுப்பதுதான் இன்றைய வழக்கம். கட்டி உள்ளே இருக்கும்போது மருந்து கொடுத்தால் அது கரைகிறதா என்று கண்ணால் பார்க்கலாம். நன்றாகச் சுருங்கினால் மார்பகம் முழுவதையும் எடுக்காமல் கட்டியை மட்டும் எடுக்க வழி பிறக்கலாம். ஆபரேஷனில் மிச்சம் ஏதாவது இருந்தால், அதற்கு அப்புறம் கொடுக்கும் மருந்தை இன்னும் வலுவானதாக மாற்ற முடியும். முதலிலேயே வெட்டி எடுத்துவிட்டால் இந்தத் தகவல் கிடைக்காது. அதனால் இது “கைவிட்டுட்டாங்க” என்ற பேச்சே இல்லை.

பரவாதா என்று கேட்டீர்கள். கீமோ ரத்தத்தில் ஓடி உடம்பு முழுக்கப் போகும் மருந்து. கட்டி உள்ளே இருந்தாலும் வைத்தியம் முதல் நாளிலிருந்தே நடக்கிறது. ஒவ்வொரு தடவையும் கையால் தொட்டுப் பார்ப்பார்கள், இடையில் ஸ்கேனும் எடுப்பார்கள். சுருங்கவில்லை என்றால் கடைசி வரை காத்திருக்க மாட்டார்கள். அப்போதும் திட்டம் மாறலாம், அதற்கும் மனசைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

கீமோ தொடங்கும் முன்பு கட்டிக்குள் சின்ன உலோகக் கிளிப் ஒன்று வைப்பார்களா என்று கேளுங்கள். கட்டி முழுக்கக் கரைந்துவிட்டால் சர்ஜனுக்கு இடம் தெரிய வேண்டுமே, அதற்காக. இருதயத்துக்கு எக்கோவும் எடுப்பார்கள். நெறியில் இருப்பதால் உடம்பு முழுக்க ஸ்கேன் எடுக்கச் சொல்லலாம். எடுக்கச் சொன்னாலே பரவிவிட்டது என்று அம்மா நினைத்துக்கொள்வார், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஆற்காட்டு மருமகள்

உங்கள் பதிவைப் படித்ததும் ஒரு விஷயம் மனசை உறுத்தியது. அக்கா வெளியே உட்கார்ந்திருந்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள்.

எனக்கு முதலில் கட்டியை மட்டும் எடுத்தார்கள். எடுத்த சதையின் ஓரத்திலும் நோய் இருப்பதாக ரிப்போர்ட் வந்தது. ஓரம் சுத்தமாக இல்லை என்றால் திரும்ப அறுக்க வேண்டும். எனக்கு முழு மார்பையும் எடுப்பதுதான் சரி என்று முடிவானது. இதெல்லாம் என் வீட்டுக்காரருக்கும் கொழுந்தனாருக்கும் தெரியும், மாமியாருக்குத் தெரியும், எதிர் வீட்டு அக்காவுக்குக்கூடத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. எல்லோரும் என் முகத்தைப் பார்க்காமல் சாப்பாடு வைத்தார்கள். நானாக என்னென்ன கற்பனை செய்துகொண்டேன் தெரியுமா? இன்னும் மூன்று மாதம்தான் என்று நினைத்து, பீரோ சாவியை மகளிடம் கொடுத்தேன். கடைசியில் டாக்டரம்மாவே உட்கார வைத்து ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார்கள். அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது. வந்த செய்தி கெட்ட செய்திதான், ஆனாலும் அதற்கு முன் நானே நினைத்துவைத்திருந்ததைவிட அது எவ்வளவோ சின்னது.

அந்தத் தேதியை நம்பி உங்கள் அக்கா எத்தனை ராத்திரியை ஓட்டியிருக்கிறாள்! அதைப் பிடுங்கிவிட்டு “தள்ளிப் போயிருக்கு” என்று மட்டும் சொன்னால் அவள் எதைப் பிடித்துக்கொள்வாள்? சொல்லிவிடுங்கள் தங்கச்சி. உங்களால் முடியாவிட்டால் டாக்டரைச் சொல்லச் சொல்லுங்கள். ஆனால் அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போங்கள்.

பாலாற்றங்கரை

ஆற்காட்டு அக்கா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்காது. என் அம்மாவிடம் எல்லாவற்றையும் உடைத்துச் சொன்னோம். அதற்கப்புறம் அவர் சாப்பாட்டைத் தொடவே இல்லை. யாரிடம் எவ்வளவு சொல்ல வேண்டும் என்று வீட்டுக்காரர்களுக்குத்தான் தெரியும்.

இன்னொன்று. ஒரு டாக்டர் ஆபரேஷன் என்கிறார், அடுத்த வாரம் இன்னொருவர் கீமோ என்கிறார். வேறு இடத்திலும் ஒரு கருத்துக் கேட்காமல் தலையாட்டாதீர்கள். ஒரு வருஷ ஊசி என்றால் சும்மாவா, எவ்வளவு செலவாகும்?

காட்பாடி செவிலி

இரண்டாவது கருத்து கேட்பது நோயாளியின் உரிமை, எந்த நல்ல டாக்டரும் அதற்குக் கோபப்பட மாட்டார். சென்னையில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கியது. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. போகிறவர்கள் ரிப்போர்ட் தாளை மட்டும் கொண்டு போனால் போதாது. பயாப்ஸி ஸ்லைடையும், எடுத்த சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கிப் போக வேண்டும். இல்லையென்றால் திரும்ப ஊசி குத்துவார்கள். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்தில் மருத்துவப் பதிவுகளின் நகல் தர வேண்டும் என்று மருத்துவ கவுன்சில் விதியே இருக்கிறது.

ஆனால் ஓரிரு வாரத்தில் அதை முடித்துவிடுங்கள். நான் பார்த்த வரையில் கருத்து கேட்டதால் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை. ஐந்து இடம் கேட்டு, ஜோசியரையும் கேட்டு, ஆடி போகட்டும் என்று உட்கார்ந்தவர்களுக்குத்தான் வந்தது.

“இரண்டு டாக்டர் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்” என்பதற்கும் ஒரு பதில். சர்ஜன், கீமோ டாக்டர், ரேடியேஷன் டாக்டர், ஸ்கேன் பார்ப்பவர், பயாப்ஸி பார்ப்பவர் எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் பேசும் கூட்டம் பெரிய மருத்துவமனைகளில் நடக்கும். சர்ஜன் ஒன்று சொல்லி, கூட்டத்துக்கு அப்புறம் அது மாறுவது சாதாரணம். உங்கள் அக்கா விஷயத்தில் மாறியது ஒரு பரிசோதனை முடிவை வைத்து. அதனால் அடுத்த தடவை போகும்போது இதையே கேளுங்கள்: “எந்த முடிவைப் பார்த்துத் திட்டத்தை மாற்றினீர்கள்? அந்த முடிவு வராமலிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?” அவர் சொல்வதை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். எந்த மருந்து, எத்தனை சுற்று, எப்போது ஸ்கேன், எப்போது ஆபரேஷன் என்று வரிசையாக ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

அக்காவிடம் சொல்வது பற்றி ஒன்று சொல்ல வேண்டும் பாலாற்றங்கரை தம்பி. இந்தப் பெண்ணுக்கு வயது 43, வேலைக்குப் போகிறவள். கீமோ ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியது அவள்தான். இந்த வைத்தியத்தில் பாக்லிடாக்ஸல் என்ற மருந்து வர வாய்ப்பு அதிகம், அது விரல் நுனியை மரத்துப் போகச் செய்யும். ஷூ அப்பர் தைக்கிறவளுக்கு விரல்தானே எல்லாம்? மரத்துப் போவது தொடங்கிய உடனே அவள் சொன்னால் அளவைக் குறைக்கலாம், மருந்தையே மாற்றலாம். என்ன மருந்து ஏறுகிறது என்றே தெரியாதவள் இதை எப்படிச் சொல்வாள்? “தையல் மெஷின்ல உட்கார்ந்து உட்கார்ந்து கை மரத்துப் போச்சு” என்று நினைத்துக்கொள்வாள்.

சோளிங்கர்க்காரன்

செலவைப் பற்றி யாரும் விவரமாகச் சொல்லவில்லை. ஷூ கம்பெனி வேலை என்றால் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருக்கும்வரை ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருக்க வேண்டும். அக்காவின் சம்பளச் சீட்டைப் பாருங்கள். ராணிப்பேட்டை தோல் கம்பெனி ஒன்றில் தொழிற்சங்கப் பொறுப்பில் இருந்தவன் என்பதால் இதை அடித்துச் சொல்கிறேன்.

ஈ.எஸ்.ஐ. இருந்தால் வைத்தியச் செலவோடு விஷயம் முடிவதில்லை. வேலைக்குப் போக முடியாத நாளுக்கு வருஷத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்காலப் பணமாகக் கிடைக்கும். புற்றுநோய் மாதிரி நீண்ட நோய்களுக்கு அதற்கு மேலும் நீட்டித்து 80 சதவீதம், 2 வருஷம் வரை தருவார்கள். இதற்கு 2 வருஷத் தொடர் வேலையும், அந்தக் காலத்தில் குறைந்தது 156 நாள் சந்தாவும் இருக்க வேண்டும். நம் ஊர்ப் பெண்களில் எத்தனை பேர் இது தெரியாமல் லீவு லெட்டர் எழுதிக் கொடுத்துவிட்டு, சம்பளமில்லாமல் வீட்டில் உட்கார்ந்து, கடைசியில் வேலையையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள்! எனக்குத் தாங்காத வருத்தம் இது. நோய்க்காலப் பணம் வாங்கிக்கொண்டிருக்கும் தொழிலாளியை அந்தக் காலத்தில் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று 2025 நவம்பர் வரை இருந்த பழைய ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 73-ஆவது பிரிவு சொன்னது. ராஜினாமா மட்டும் எழுதிக் கொடுக்க வேண்டாம் என்று அக்காவிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

திட்டம் மாறியதால் இன்னொரு வேலையும் இருக்கிறது. ஈ.எஸ்.ஐ. மூலம் வேறு மருத்துவமனைக்கு அனுப்பினால் கடிதத்தில் என்ன வைத்தியம் என்று எழுதியிருக்கும். ஆபரேஷனுக்கு என்று வாங்கிய கடிதத்தை வைத்துக்கொண்டு கீமோவுக்குப் போய் நின்றால் கவுன்டரில் திருப்பி அனுப்பலாம். புதுத் திட்டம் எழுதிய தாளோடு போய்க் கடிதத்தை மாற்றி வாங்கிவிடுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் பார்ப்பவர்களுக்கும் இதே கதைதான். ஆபரேஷனுக்கு வாங்கிய முன் அனுமதி கீமோவுக்குச் செல்லாது, புதிதாக வாங்க வேண்டும். அந்தத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம், ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும்.

வாலாஜா வாசகர்

என் தாயாருக்கு 76 வயது. ஆபரேஷன் என்று முதலில் சொன்னார்கள். மயக்க மருந்து டாக்டர் பார்த்துவிட்டு, இருதயம் பலவீனம், தாங்காது என்றார். அவருக்கு ஈ.ஆர். பாசிட்டிவ் வகை என்பதால் லெட்ரோசோல் மாத்திரை மட்டும் தினம் ஒன்று. “வயசானவங்கன்னு ஒதுக்கிட்டாங்களா?” என்று நான் டாக்டரிடமே கேட்டேன். அவர் பொறுமையாக, இந்த வகை ஹார்மோனில் வளர்வது, அதை நிறுத்தினால் கட்டி அடங்கும், எலும்பு மட்டும் பலம் குறையும், அதற்குக் கால்சியம் என்று விளக்கினார். தாயார் இப்போது கொல்லையில் கீரை பறிக்கிறார். திட்டம் மாறினாலே மோசம் என்று நினைக்க வேண்டாம் என்பதற்காக எழுதினேன்.

ஏலகிரி மூலிகை

கீமோ எடுத்தால் உடம்பு வீணாகிவிடும். மலையில் ஒரு வைத்தியர் இருக்கிறார். கட்டி கரைய வேர் கொடுக்கிறார். ஆபரேஷன் தள்ளிப் போனது நல்லதுக்குத்தான். அந்த இடைவெளியில் முயற்சி செய்து பாருங்கள்.

காட்பாடி செவிலி

வேண்டாம். தயவு செய்து வேண்டாம்.

இப்படிப் போய்விட்டு, கட்டி உடைந்து புண்ணாகி, துணியைச் சுற்றிக்கொண்டு வந்த பெண்களுக்கு நான் இந்தக் கையால் புண் கழுவியிருக்கிறேன். முதலில் வந்திருந்தால் பிழைத்திருப்பார்கள். ஹெர்-2 வகை வேகமாக வளரும் என்று மேலே எழுதினேன். இந்த இடைவெளியை வேருக்குக் கொடுக்க முடியாது. கீமோவோடு சேர்த்து எடுப்பதும் ஆபத்து, கல்லீரலும் சிறுநீரகமும் மருந்தைச் சமாளிப்பதே பெரும்பாடு. பெயர் தெரியாத எதையும் சேர்க்காதீர்கள். வழக்கமாக வீட்டில் சமைக்கும் மஞ்சள், மிளகு, இஞ்சிக்குத் தடை இல்லை.

திருப்பத்தூர் ஆசிரியை

நானும் ஹெர்-2 தான். அதனால் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். எனக்கு ‘சிவப்பு மருந்து’ நான்கு சுற்று முதலில், அப்புறம் வாராவாரம் பாக்லிடாக்ஸல், அதோடு டிராஸ்டுசுமாப். சிவப்பு மருந்து ஏறிய அன்று சிறுநீர் சிவப்பாகப் போகும், ரத்தம் என்று பயந்துவிட வேண்டாம்.

டிராஸ்டுசுமாப் பாதியில் இருந்தபோது எக்கோவில் இருதயத்தின் பம்ப் அளவு குறைந்திருந்தது. ஊசியை நிறுத்திவிட்டார்கள். எல்லாம் முடிந்தது, பாதி வைத்தியத்தில் விட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். இருதய டாக்டர் மாத்திரை கொடுத்தார், மறுபடி எக்கோ எடுத்தார், ஏறிவிட்டது. விட்ட இடத்திலிருந்து ஊசியைத் தொடர்ந்தார்கள். இந்த மருந்தால் வரும் இருதயச் சோர்வு பெரும்பாலும் நிறுத்தினால் சரியாகிவிடும் என்று எனக்குச் சொன்னார்கள். அதற்காகத்தான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோ. அதை மட்டும் தவற விடாதீர்கள்.

இடையில் ரத்த அணு குறைந்து ஒரு சுற்று தள்ளிப் போனதும் உண்டு. அப்போதெல்லாம் அழுதிருக்கிறேன். காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருப்பேன், அதைத் தாண்டினால் மனசு தாங்காது. பிறகு காலண்டரில் வட்டம் போடுவதை விட்டு, பள்ளி நோட்டில் ‘அடுத்தது என்ன’ என்று மட்டும் எழுத ஆரம்பித்தேன். எப்போது என்று எழுதுவதில்லை.

ஆம்பூர் சின்னவள்

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. செவிலி அம்மா சொன்ன மாதிரியே ரிப்போர்ட்டில் 2+ என்றுதான் இருக்கிறது. மாமாவிடம் காட்டினேன். அவருக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது.

அக்காவைக் கூட்டிக்கொண்டு போனோம். கீமோ டாக்டர் அவளைப் பார்த்தே பேசினார், எங்களைப் பார்க்கவில்லை. அக்குளில் இருப்பதையும் சொன்னார். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அழவில்லை. “அப்போ நான் எப்ப வேலைக்குப் போவேன்? லைன்ல என் மெஷினை வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்களே” என்று கேட்டாள். நாங்கள் உயிரைப் பற்றிப் பயந்துகொண்டிருந்தோம். அவள் அத்தனை நாளும் இதை மனசில் வைத்துக்கொண்டு யாரிடமும் சொல்ல முடியாமல் இருந்திருக்கிறாள்.

விரல் மரப்பதைப் பற்றியும் அவளே கேட்டாள். ஒவ்வொரு வாரமும் ஊசிக்கு முன்னால் சட்டைப் பட்டன் போட முடிகிறதா, ஊசியில் நூல் கோக்க முடிகிறதா என்று பார்த்துச் சொல்லச் சொன்னார் டாக்டர். கஷ்டமானால் அளவை மாற்றலாம் என்றார். திட்டத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அதை அக்கா மடித்துத் தன் பர்ஸில் வைத்துக்கொண்டாள், மாமாவிடம் கொடுக்கவில்லை.

சோளிங்கர் அண்ணா, அக்காவுக்கு ஈ.எஸ்.ஐ. இருக்கிறது, பதினோரு வருஷ வேலை. புதுக் கடிதத்துக்கு மாமா அலைந்து வாங்கிவிட்டார். நோய்க்காலப் பணத்துக்கு எங்கே போக வேண்டும்?

அம்மாதான் இன்னும் நம்பவில்லை. “எடுத்துப் போட வேண்டியதை உள்ளே வெச்சுக்கிட்டு என்ன வைத்தியம்” என்கிறார். முடி கொட்டும் என்றதும் திருப்பதிக்குக் கூட்டிப் போய் முடி கொடுத்துவிட்டு வரலாமா என்று கேட்கிறார். போகலாமா?

சோளிங்கர்க்காரன்

ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகம். டிஸ்பென்சரி டாக்டர் தரும் சான்றிதழ்தான் முக்கியம், அதை இடைவெளி விடாமல் தொடர்ச்சியாக வாங்குங்கள். தேதி விட்டுப் போனால் அந்த நாளுக்குப் பணம் நிற்கும். எல்லாத் தாளுக்கும் இரண்டு நகல் எடுத்து வையுங்கள். கம்பெனி ஹெச்.ஆரிடம் நகல் கொடுத்து, வாங்கியதாகக் கையெழுத்தும் வாங்குங்கள். மெஷினைப் பற்றி அக்கா கேட்டது சரியான கேள்வி. இப்போதைய சட்டம் என்ன சொல்கிறது என்று கிளை அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆற்காட்டு மருமகள்

தாளைத் தன் பர்ஸில் வைத்துக்கொண்டாள் என்று படித்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மாவையும் ஒரு நாள் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். நாம் சொன்னால் நம்பாதவர்கள் டாக்டர் வாயால் கேட்டால் நம்புவார்கள். கட்டி சுருங்கத் தொடங்கினால் அக்காவே தொட்டுப் பார்த்து அம்மாவிடம் சொல்லட்டும்.

பாலாற்றங்கரை

அக்காவிடம் சொன்னது நல்லதாகவே முடிந்திருக்கிறது, சந்தோஷம். என் அம்மாவிடம் நாங்கள் சொன்னோமே தவிர, உங்கள் டாக்டர் மாதிரி உட்கார்ந்து அவர் கேள்விக்குப் பதில் சொல்ல அன்றைக்கு யாரும் இல்லை. அதுவும் காரணமாக இருந்திருக்கலாம் என்று இந்த இழையைப் படித்தபோது தோன்றியது.

காட்பாடி செவிலி

திருப்பதிக்கு முதல் கீமோவுக்கு முன்னால் போய் வருவதானால் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போகலாம், காட்பாடியிலிருந்து பக்கம்தான். கீமோ தொடங்கிய பிறகு கத்தி வைத்து மழிக்க வேண்டாம். அணு குறைந்திருக்கும்போது சின்னக் கீறல்கூடச் சீழ் பிடிக்கும். கூட்டத்துக்குள்ளும் போகக் கூடாது. அப்போது வீட்டிலேயே டிரிம்மரால் வெட்டிவிடுங்கள். முதல் ஊசி போட்டு இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டத் தொடங்கும்.

ஆம்பூர் சின்னவள்

முதல் கீமோ வியாழக்கிழமை. முந்தின நாள் ரத்தப் பரிசோதனை. கிளிப் வைத்தாயிற்று, எக்கோ நன்றாக இருக்கிறது, ஸ்கேனில் வேறு எங்கும் இல்லை என்று வந்தது. அம்மா ரத்தினகிரிக்கு வேண்டிக்கொண்டிருக்கிறார்.

ஒரு கேள்வி. ஆம்பூரிலிருந்து வேலூர் ஐம்பது கிலோமீட்டர். வேலூரிலேயே ரூம் எடுத்துத் தங்க வேண்டுமா? காந்தி ரோடு பக்கம் லாட்ஜ் எல்லாம் வெளியூர்க்காரர்களால் நிறைந்திருக்கிறது.

திருப்பத்தூர் ஆசிரியை

தேவையில்லை. நான் திருப்பத்தூரிலிருந்தே வந்து போனேன். காலையில் போனால் சாயங்காலம் வீடு திரும்பிவிடலாம். ஊசி போட்ட அன்று திரும்பும்போது மட்டும் கார் வைத்துக்கொள்ளுங்கள், பஸ்ஸில் குமட்டும். மற்ற நாளுக்கு ரயில் போதும். புற்றுநோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் ரயிலில் கட்டணச் சலுகை உண்டு, சாதாரண இரண்டாம் வகுப்பில் 75 சதவீதம். மருத்துவமனையில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும்.

காட்பாடி செவிலி

ஆம்பூரிலிருந்தே வந்து போங்கள், ஆனால் இதை மட்டும் வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இன்றைக்கே மருந்துக்கடையில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்குங்கள். ஊசி போட்ட ஏழாவது நாளிலிருந்து பதினான்காவது நாள் வரை வெள்ளை அணு மிகவும் குறைந்திருக்கும். 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் ராத்திரி இரண்டு மணியானாலும் கிளம்ப வேண்டும். பாராசிட்டமால் போட்டு, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்கக் கூடாது, கஷாயமும் கூடாது. வேலூர் வெயிலில் உடம்பு சூடு என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் உண்டு, தொட்டுப் பார்த்து முடிவு செய்யாமல் அளந்து பாருங்கள். மருத்துவமனையின் இருபத்து நான்கு மணி நேர நம்பரை மாமா போனிலும் அக்கா மகன் போனிலும் பதிந்து வையுங்கள். வண்டி கிடைக்காவிட்டால் 108. ஏறும்போதே “கீமோ எடுக்கிறவங்க, காய்ச்சல்” என்று சொல்லுங்கள், போய்ச் சேர்ந்ததும் அவசரப் பிரிவில் வரிசையில் நிற்காமல் அதையே சொல்லுங்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த அந்தத் தாளும் கையில் இருக்கட்டும்.